நடுவதா, நிறுத்துவதா? பல்லுயிருக்காக ஒரு பல்கலைக்கழகம் முதலில் செய்ய வேண்டியது எது

பல்லுயிர்ப் பாதுகாப்புக்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு குழு போட்டால், முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் ஆயிரம் மரக்கன்று நடலாம் என்று சொல்லிவிடுவார். அடுத்தவர் மூலிகைத் தோட்டம் என்பார், இன்னொருவர் குளம் வெட்டி நடுவில் நீரூற்று வைக்கலாம் என்பார், கடைசியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலைவார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லப்படும் யோசனைகள் பெரும்பாலும் நல்லவைதான், சொல்பவர்களுக்கும் உண்மையான அக்கறை இருக்கும். ஆனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று யாரும் கேட்பதில்லை. நல்ல மனதோடு ஆரம்பித்த பல வேலைகள் பாழாகிப்போவது அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான் என்பது என் கருத்து.

பணமும் ஆட்களும் எல்லா இடத்திலும் அளவாகத்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகம் மரம் நடலாம், இருக்கும் புல்தரையை வெட்டாமல் விடலாம், கட்டடங்களையும் விளக்குகளையும் திருத்தலாம், ஒரு பெரிய நிலத்தை ஆய்வுக் காடாக ஒதுக்கலாம், தாவரவியல் பூங்காவும் காய்ந்த செடி மாதிரிகளின் தொகுப்பும் வைத்துப் பராமரிக்கலாம், தான் வாங்கும் பொருட்களை மாற்றலாம், மாணவர்களைக் கொண்டு வளாகத்து உயிர்களைக் கணக்கெடுக்கலாம். இவற்றில் எது எதற்கு ஈடாகும், எதைச் செய்யாமல் எதைச் செய்தால் கெடுதல் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மரம் நடுவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எல்லோருக்கும் பிடித்த வழி அதுதான். புகைப்படத்தில் நன்றாக இருக்கும், மாணவர்கள் ஆர்வத்தோடு வருவார்கள், என்ன செய்தோம் என்பதை எண்ணிக்கையாகச் சொல்ல முடியும். ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அகிரா மியாவாக்கியின் பெயர் இந்தப் பேச்சில் தவறாமல் வரும். மண்ணைப் பண்படுத்தி, அந்த இடத்துக்கே உரிய மரங்களைக் கலந்து, ஒரு சதுர மீட்டரில் மூன்று நான்கு கன்றுகள் என்று நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று வருடம் களையெடுத்துக் காப்பாற்றிவிட்டால் அதற்கப்புறம் அந்தக் காடு தானாக நிற்கும் என்பது அவருடைய முறை. அதில் பலரும் எடுத்துக்கொள்வது நெருக்கத்தை மட்டும்தான். நடுவதற்கு முன்னால் அவர் செய்த பெரிய வேலை, ஜப்பானியக் கோயில்களைச் சுற்றித் தப்பிப் பிழைத்திருந்த பழைய காடுகளை ஆராய்ந்து, மனிதர் கை படாவிட்டால் இந்த நிலத்தில் என்ன வளர்ந்திருக்கும் என்று கண்டுபிடித்தது. அந்த வேலையைச் செய்யாமல் நர்சரியில் கிடைத்த கன்றுகளை நெருக்கி நட்டுவிட்டு அதற்கு அவர் பெயரை வைப்பது சரியில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. வளாக வரைபடத்தில் 'காலி இடம்' என்று குறித்திருக்கும் நிலம் பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. திறந்த புல்வெளியும் முட்புதரும் தனி வாழ்விடங்கள். தரையில் கூடு கட்டும் வானம்பாடிகளுக்கும் புல்லில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் பல்லிகளுக்கும் வெயில் படும் தரை வேண்டும். சென்னை ஐஐடி வளாகம் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியிருக்கிறது, சுமார் 250 ஹெக்டேர் பரப்பு. அங்கே புள்ளிமானும் உண்டு, வெளிமானும் உண்டு. மரநிழலும் புதரும் புள்ளிமானுக்கு ஒத்துப்போகும். வெளிமானுக்கு எது தேவை என்பதை அதன் பெயரே சொல்கிறது, அதன் இன்னொரு பெயரான புல்வாய் என்பதும் அதையேதான் சொல்கிறது. வெட்டவெளி முழுவதையும் மரத்தால் மூடிவிட்டால் அந்த மான் எங்கே போகும்? ஆகவே மரம் நடுவது நல்லதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. முன்பு காடாக இருந்து அழிந்த நிலத்தில் நல்லது, என்றைக்கும் காடாக இல்லாத நிலத்தில் கெடுதல்.

சரி, வெட்டாமல் விடுவதைப் பார்ப்போம். இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி. அங்கே 1772 முதல் ஒட்ட வெட்டிப் பராமரித்துவந்த பெரிய புல்தரையின் ஒரு பகுதியைக் காட்டுப்பூக்கள் பூக்கும் புல்வெளியாக மாற்றினார்கள். அதன் விளைவை ஆராய்ந்த கட்டுரை 2023-இல் வந்தது. பக்கத்திலேயே இருந்த வெட்டிய தரையோடு ஒப்பிட்டால், வெட்டாத பகுதியில் தாவரம், சிலந்தி, பூச்சி இனங்கள் மூன்று மடங்குக்கும் மேல். வௌவால்களின் நடமாட்டமும் மூன்று மடங்கு. எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று: விதைத்தது 33 இனம், வளர்ந்திருந்தது 84 இனம். மீதி ஐம்பதுக்கும் மேல் யாரும் கூப்பிடாமல் தானாக வந்தவை. பறவை கொண்டுவந்திருக்கும், காற்று கொண்டுவந்திருக்கும், சில மண்ணுக்குள்ளேயே காத்துக் கிடந்திருக்கும். இயந்திரம் ஓடாததாலும் உரம் போடாததாலும் மிச்சமான கரிம வெளியேற்றம், வருடத்துக்கு ஒரு ஹெக்டேருக்கு 1.36 டன் கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம் என்று அதே கட்டுரை கணக்கிட்டது.

வெட்டாமல் விடுவது என்றால் அப்படியே போட்டுவிட்டுப் போவது என்று அர்த்தமில்லை, இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை, பூத்து விதை உதிர்ந்த பிறகு அறுக்க வேண்டும், அறுத்ததை அங்கேயே போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். அங்கேயே மக்கவிட்டால் மண் வளமாகும், வளமான மண்ணில் இரண்டு மூன்று முரட்டுப் புற்கள் மட்டும் ஓங்கி வளர்ந்து மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்னும் நடக்கிறது. அங்கே உரமே போடாத துண்டுகளில் நாற்பதை ஒட்டிய தாவர இனங்கள் இருக்கின்றன. வருடாவருடம் நைட்ரஜன் உரம் போட்டு மண்ணில் அமிலத்தன்மை ஏறிப்போன துண்டுகளில் இரண்டு மூன்றுதான். மண்ணுக்கு நல்லது செய்வதாக நினைத்து நாம் கொட்டும் உரம் எத்தனை இனங்களை வெளியே தள்ளுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இந்த வழியின் பலவீனம் மனிதர்களிடம் இருக்கிறது. வெட்டாத புல்லைப் பார்த்தால் பராமரிப்பு இல்லை என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள், பாம்பு வரும் என்று ஹாஸ்டலில் புகார் வரும், ஆய்வுக்குழு வருகிறது என்றதும் மேலிடத்திலிருந்து ஒரே போன், பூவோடு சேர்த்து எல்லாம் மொட்டையாகிவிடும். பாம்பு பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது, அது நியாயமான பயம். நடைபாதையின் இரு பக்கமும் விடுதிகளைச் சுற்றியும் அகலமாக வெட்டி வைத்துக்கொண்டு, உள்ளே தள்ளி வளரவிடலாம். ஓரம் நேராக வெட்டியிருந்தால், உள்ளே வளர்ந்திருப்பது வேண்டுமென்றே விட்டது என்று பார்ப்பவர்களுக்கும் புரிந்துவிடும். ஒரு பலகை வைத்து, இந்த இடம் எந்த மாதம் அறுக்கப்படும் என்று எழுதிவிட்டால் பாதிப் புகார் நின்றுவிடும்.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல்லுயிர்க் குழுவின் பட்டியலில் இது இருப்பதே அபூர்வம். பறவைக்குக் கண்ணாடி தெரியாது. அதில் வானம் தெரிந்தால் வானம் என்று நினைக்கும், மரம் தெரிந்தால் மரம் என்று நினைத்து முழு வேகத்தில் பறந்து வந்து மோதும். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 36 கோடியிலிருந்து 99 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாகின்றன என்று 2014-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. வானளாவிய கோபுரங்கள்தான் காரணம் என்று நாம் நினைப்போம். அவற்றின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பாதிக்கு மேல் நான்கு முதல் பதினோரு மாடி வரையுள்ள கட்டடங்களில், மற்றதெல்லாம் வீடுகளில். நூலகம், ஆய்வகம், நிர்வாகக் கட்டடம் என்று ஒரு வளாகத்தில் இருப்பவை பெரும்பாலும் அந்த உயரத்துக்குள்தானே வருகின்றன?

வட அமெரிக்காவில் 40 கல்லூரி வளாகங்களில் 281 கட்டடங்களைச் சுற்றித் தேடிப் பார்த்த இன்னோர் ஆய்வு 2017-இல் வந்தது. பெரிய கட்டடங்களில் மோதல் அதிகம், அதிலும் நகர நெரிசல் இல்லாத, பசுமை சூழ்ந்த இடத்தில் நிற்கும் பெரிய கட்டடத்தில் மிக அதிகம் என்று அது சொன்னது. அதாவது, வளாகம் எவ்வளவு பசுமையோ அவ்வளவு பறவை வரும், வந்த பறவைக்கு எதிரே கண்ணாடிச் சுவர் நிற்கும். நான் வரிசையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு இதுதான் காரணம். கண்ணாடியைச் சரிசெய்யாமல் அதற்கு எதிரே பழமரம் நட்டால், பறவையை அழைத்து வந்து கொல்கிறோம். நட்டவர்களுக்கு அது தெரியவே தெரியாது. விழுந்த பறவையை விடிவதற்குள் பூனை தூக்கிப்போயிருக்கும், அல்லது துப்புரவுப் பணியாளர் குப்பையோடு சேர்த்து அள்ளியிருப்பார்.

இதற்குத் தீர்வு இருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், சுமார் 5 செண்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் பறவை அதைத் தடையென்று புரிந்துகொண்டு விலகிவிடும். உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு அப்படியே இருக்கும், பலன் குறைவு. ஒரு பெரிய கண்ணாடியில் ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை, பறவை அதற்குப் பக்கத்தில் மோதும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு பொறியியல் கட்டடத்தில் பறவைகள் நிறைய மோதிச் சாவது கணக்கெடுப்பில் தெரிந்ததும், 2015-இல் அங்கே புள்ளிப் படலம் ஒட்டினார்கள். வளாகத்தின் எல்லாக் கண்ணாடியையும் மாற்ற வேண்டிய அவசியமில்லை. சில கட்டடங்களின் சில முகங்களில்தான் பெரும்பாலான மோதல் நடக்கும், ஒரு வலசைப் பருவம் முழுக்கக் காலையில் சுற்றிவந்து எண்ணினால் எந்தச் சுவர் என்று தெரிந்துவிடும். புதிதாகக் கட்டும்போது வரைபடத்திலேயே எழுதிவிட்டால் இன்னும் சுலபம், பின்னால் ஒட்டுவதைவிடச் செலவும் குறையும்.

விளக்கும் இதே வகைதான். பூக்கும் புல்வெளியை உருவாக்கிவிட்டு அதன் தலைக்கு மேலே வெள்ளை எல்ஈடி விளக்கை விடிய விடிய எரியவிட்டால் அந்துப்பூச்சிகள் விளக்கைச் சுற்றியே செத்துப்போகும். வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி போட்டு, நிறத்தை மஞ்சளுக்கு மாற்றி, ஆள் நடமாடும்போது மட்டும் எரியவைத்தால் போதும், மின்கட்டணமும் மிச்சம். பாதுகாப்புக்கு வெளிச்சம் தேவைப்படும் பாதைகளை அப்படியே விட்டுவிடலாம், அணைக்கச் சொல்வது யாரும் போகாத விளையாட்டு மைதானத்தையும் கட்டடத்தின் அலங்கார விளக்குகளையும்தான்.

குளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு வளாகத்தில் மழைநீர் தேங்கும் பழைய குட்டை ஒன்று இருந்தது. கரை சேறாகத்தான் இருக்கும், கோரை மண்டிக்கிடக்கும், மழை விட்டதும் தட்டான்களும் ஊசித்தட்டான்களும் அவ்வளவு வரும். அதை அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் கல் பதித்தார்கள், கோரையை வேரோடு பிடுங்கினார்கள், கொசுவுக்காக கம்பூசியா மீன் விட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், நானும் அந்தக் கூட்டத்தில் கை தூக்கினேன். அடுத்த மழைக்காலம் தோட்டக்காரர் ஒருவர், "கரையைக் கட்டினதிலிருந்து தட்டான் வரலை பாருங்க சார்" என்றார். தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் கழிகிறது, வளர்ந்ததும் செடித்தண்டைப் பிடித்து மேலே ஏறி வந்துதான் தோலுரிக்கும். தண்டும் இல்லை, குஞ்சுகளை மீன் தின்றுவிடும், எப்படி வரும்? கொசுக்குடம்பிகளைத் தின்பதில் தட்டான் குஞ்சு கெட்டிக்காரப் பூச்சி என்பது அப்போது எங்களில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒரு சரிவான மண்கரையை மட்டும் விட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

ஆய்வுக் காடு என்பது வேறு அளவிலான விஷயம், எல்லோராலும் முடியாது. முடிந்தவர்கள் செய்தால் அதன் மதிப்பு காலம் போகப் போகத்தான் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டுக்கு வைதம் வுட்ஸ் என்ற காடு 1940களில் கிடைத்தது. அங்கே பறவையியலாளர் டேவிட் லேக் 1947-இல் சிட்டுப்பறவைகளுக்குக் கூட்டுப்பெட்டி வைத்துக் கணக்கெடுக்கத் தொடங்கினார், இன்றுவரை நிற்கவில்லை. அந்தப் பறவைகள் அன்றைக்கு முட்டையிட்ட தேதியைவிட இப்போது இரண்டு வாரத்துக்கும் மேல் முந்தி முட்டையிடுகின்றன. பருவநிலை மாறுவதை இவ்வளவு துல்லியமாக ஒரு சின்னப் பறவையின் கூட்டிலிருந்து படிக்க முடிவது, அதே இடத்தை முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் யாரும் கட்டடம் கட்டாமல் விட்டுவைத்ததால்தான். மூன்று வருட ஆராய்ச்சி நிதியில் ஓடும் அமைப்பால் இது முடியாது, பல்கலைக்கழகத்தின் பெரிய பலம் அதன் நீண்ட ஆயுள்.

ஆனால் வேலி போட்டு ஒதுக்கினால் காப்பாற்றிவிட்டோம் என்றும் நினைக்க முடியாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆய்வுக்கென ஒதுக்கிய ஜாஸ்பர் ரிட்ஜ் நிலம் சுமார் 480 ஹெக்டேர். உயிரியலாளர் பால் எர்லிக் 1960 முதல் அங்கே செக்கர்ஸ்பாட் என்ற வண்ணத்துப்பூச்சியை விடாமல் ஆராய்ந்தார். உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட பூச்சிக் கூட்டங்களில் ஒன்று அது. 1990களின் முடிவில் அது அங்கிருந்து அற்றுப்போனது. மழை ஒரு வருடம் கொட்டுவதும் அடுத்த வருடம் பொய்ப்பதுமாக ஏற்ற இறக்கம் கூடியது, சுற்றியிருந்த வாழ்விடங்கள் முன்பே குறைந்துபோனதால் வெளியிலிருந்து வந்து மறுபடி குடியேறப் பூச்சி இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இவ்வளவு அறிவு, இவ்வளவு கவனம், காவல், எல்லாம் இருந்தும் அந்தத் துண்டு தனித்துப்போய்விட்டது. வேலிக்கு வெளியே இருக்கும் ஓடை, சாலையோரம், பக்கத்து நிலம் ஆகியவற்றோடு தொடர்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் ஒதுக்கீட்டை யோசிக்க வேண்டும்.

தாவரவியல் பூங்காவைப் பொறுத்தவரை என் கருத்து எளிமையானது: ஏற்கெனவே இருந்தால் விடாதீர்கள், இல்லாவிட்டால் முதல் வேலையாக ஆரம்பிக்காதீர்கள். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகப் பூங்கா 1545-இல் தொடங்கி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது, அந்தத் தொடர்ச்சிக்கு விலை கிடையாது. உலகின் தாவரவியல் பூங்காக்கள் எல்லாம் சேர்ந்து, அறியப்பட்ட தாவர இனங்களில் குறைந்தது 30 சதவீதத்தையும், அழியும் நிலையில் உள்ளவற்றில் 41 சதவீதத்துக்கும் மேலாகவும் வைத்திருப்பதாக 2017-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது, பூங்காக்களின் மொத்த இடத்தில் அழியும் இனங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 10 சதவீதம்தான். அழகுக்காக வெளிநாட்டுச் செடி கொண்டுவருவதில் ஆபத்தும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ராக்வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடி அந்தப் பல்கலைக்கழகத்தின் பூங்காவிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியே தப்பி, ரயில் பாதை வந்ததும் தண்டவாளச் சல்லியைப் பிடித்துக்கொண்டு பிரிட்டன் முழுவதும் பரவியது.

பூங்காவைவிட அதிகம் கைவிடப்படுவது உலர்தாவரத் தொகுப்புதான். பார்வையாளர் யாரும் வராத அறை, அலமாரி நிறையப் பழைய காகிதம், அதில் ஒட்டிய காய்ந்த செடி. டியூக் பல்கலைக்கழகம் 1921-இல் தொடங்கிய, சுமார் 8,25,000 மாதிரிகள் கொண்ட தன் தொகுப்பை மூடி வேறிடத்துக்குக் கொடுக்கப்போவதாக 2024-இல் அறிவித்தது. மேலே கண்ணாடிக்காக நான் பாராட்டிய அதே டியூக். ஒரே நிறுவனம் ஒன்றைச் சரியாகச் செய்து இன்னொன்றைக் கைவிடக்கூடும், அதனால்தான் எந்தப் பல்கலைக்கழகத்தையும் முழு முன்மாதிரியாக நான் சொல்வதில்லை. அந்த மாதிரிகளில் எந்தச் செடி எந்த இடத்தில் எந்தத் தேதியில் பூத்தது என்று எழுதியிருக்கிறது. இடம் அழிந்த பிறகு அந்தத் தாள் ஒன்றுதான் மிச்சம்.

இதுவரை சொன்னதெல்லாம் வளாகத்துக்கு உள்ளே. வெளியே நடப்பதுதான் பெரிது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் பல்லுயிர் மீது தன்னால் ஏற்படும் சேதத்தைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கு 2022-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. ஆய்வகங்களுக்காக வாங்கும் பொருட்கள், உணவு, விமானப் பயணம் இவற்றின் வழியாக எங்கோ தொலைவில் நடக்கும் அழிவுக்கு முன்னால், சொந்த நிலத்தில் கட்டடம் கட்டுவதால் வரும் சேதம் சின்னது என்று தெரிந்தது. அதாவது வளாகம் முழுவதையும் பூங்காடாக மாற்றினாலும் கேன்டீன் கணக்கை அதனால் அடைக்க முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உணவுப் பிரிவு 2016-இல் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் தன் உணவகங்களிலிருந்து எடுத்தது. வாங்கும் ஒவ்வொரு கிலோ உணவுக்கும் தேவைப்படும் நிலப்பரப்பு 28 சதவீதம் குறைந்ததாகவும், கரிம வெளியேற்றம் 33 சதவீதம் குறைந்ததாகவும் பின்னர் அறிவித்தார்கள். ஒரு மரம்கூட நடாமல், ஒரு கொள்முதல் முடிவில் வந்த பலன் இது. எல்லா இடத்துக்கும் இறைச்சிதான் விடை என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் பாமாயிலாக இருக்கும், சில இடங்களில் காகிதமாகவோ மரச்சாமானாகவோ வீணாகும் சோறாகவோ இருக்கும். எதை அதிகம் வாங்குகிறோம் என்று கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து ஒரு வருடக் கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். பூச்செடி நடும் விழாவைப் போல இதற்குக் கூட்டம் சேராது என்பதுதான் இதன் ஒரே குறை.

கணக்கெடுப்பு, பாடம் இவற்றைத் தனி வழியாக நான் எண்ணவில்லை, மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன. என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது? கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இன்னோர் அமைப்போடு சேர்ந்து 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற இணையதளம் இன்று உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்களின் பதிவேடாகிவிட்டது. ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் செடி, பூச்சி, பாம்பு என்று எதையும் படம் எடுத்துப் பதியலாம், இனம் கண்டுபிடிக்க மற்றவர்கள் உதவுவார்கள். இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆர்வலர் குழுவை மட்டும் நம்பினால் ஆர்வமுள்ள மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் கணக்கெடுப்பு நின்றுவிடும். பாடத்திட்டத்தில் செய்முறையாக, ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில், அதே பாதையில், அதே முறையில் நடந்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியும். பொறியியல் மாணவர், கணக்கியல் மாணவர் எல்லோரையும் ஒரு பருவமாவது அந்தப் பாதையில் நடக்க வைக்கலாம், அவர்கள்தான் பின்னால் கட்டடமும் சாலையும் கட்டப்போகிறவர்கள்.

இப்போது முடிவெடுக்கும் இடம். நகர நடுவில் நான்கு கட்டடமும் ஒரு முற்றமும் மட்டும் உள்ள பல்கலைக்கழகம் என்றால், கொள்முதலும் கண்ணாடியும் பாடமும் முதல் மூன்று வேலை, மற்றது எல்லாம் அப்புறம். நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் என்றால், முதலில் அந்த நிலத்தில் எங்கே கட்டவே கூடாது என்பதை மாஸ்டர் பிளானில் எழுதி, ஆட்சிக்குழுவில் நிறைவேற்றிவிட வேண்டும். இதற்குச் செலவே இல்லை, ஆனால் தாமதித்தால் புதிய விடுதி, புதிய துறை, புதிய வாகன நிறுத்தம் என்று ஒவ்வொரு துண்டாகப் போய்விடும், போனது திரும்பாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாதாரண வளாகத்துக்கு என் தேர்வு இது: முதல் வருடம் கணக்கெடுப்பு, மோதல் நடக்கும் கண்ணாடிகளைக் கண்டுபிடிப்பது, தேவையில்லாத விளக்குகளை அணைப்பது, புல்வெட்டுவதைக் குறைப்பது. அடுத்த வருடம் கொள்முதல், கண்ணாடிக்குப் படலம் ஒட்டுவது, நாய் பூனைகளுக்குக் கருத்தடை செய்து, கூடு கட்டும் இடங்களுக்குப் பக்கத்தில் அவற்றுக்கு உணவு வைப்பதை நிறுத்துவது. இதெல்லாம் நடந்த பிறகு, கணக்கெடுப்பில் மரம் தேவை என்று தெரிந்த இடத்தில் மட்டும், அந்த மண்ணுக்குரிய விதையைப் பக்கத்துக் காட்டிலிருந்து அனுமதியோடு சேகரித்து, சொந்த நாற்றங்காலில் வளர்த்து நடலாம். அதுவரை மரக்கன்று பரிசாக வந்தால் விரும்புகிறவர்களிடம் வீட்டில் நடச் சொல்லிக் கொடுத்தனுப்பிவிடலாம்.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நடந்த ஐநா பல்லுயிர் மாநாட்டில், இயற்கைக்கு ஆதரவான பல்கலைக்கழகங்கள் என்ற கூட்டமைப்பு தொடங்கப்பட்டது, நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உறுதிமொழி கொடுத்துச் சேர்ந்தன. சேர்வது நல்லதுதான், என்ன செய்தோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் அதில் வருகிறது. ஆனால் உறுதிமொழியில் துணைவேந்தர் கையெழுத்துப் போட்ட அதே வாரத்தில் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் பூத்த புல்லை வெட்டிக்கொண்டிருப்பார், ஏனென்றால் அவருடைய ஒப்பந்தத்தில் மாதத்துக்கு இத்தனை தடவை வெட்ட வேண்டும் என்று இருக்கும், வெட்டாவிட்டால் பில் பாஸாகாது. அவர் மேல் தவறில்லை.

ஆகவே குழுவில் இருப்பவர்களுக்கு என் முதல் யோசனை: தோட்டப் பராமரிப்பு டெண்டர் எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது என்று எஸ்டேட் அலுவலகத்தில் கேளுங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே போய், எந்தெந்தப் பகுதியை எந்த மாதம் அறுப்பது, அறுத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, எந்த மருந்து அடிக்கக் கூடாது, சருகை எங்கே எரிக்காமல் விடுவது என்று வரைபடத்தோடு எழுதிக் கொடுங்கள். கூடவே, குறைவாக வெட்டுவதால் பணியாளர்களின் கூலி குறையாமல், அந்த நேரத்துக்கு அயல் களை பிடுங்குவது, நாற்றங்கால் பார்ப்பது என்று வேறு வேலை சேர்த்து எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் தோட்டக்காரர்களோடு ஒரு நாள் முழுக்க வளாகத்தைச் சுற்றி வாருங்கள், எந்த மரப்பொந்தில் ஆந்தை இருக்கிறது என்று குழுவில் இருக்கும் எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் தெரியும்.